சேட்டைக்கு முந்தைய நிமிடம்

புதன்கிழமை, மதிய உணவு முடிந்து முதல் பீரியட். ஆறாம் வகுப்புக்கு அது பி.டி. நேரம். காலாண்டுத் தேர்வுக்குப் பத்து நாள்கூட இல்லை, பின்னங்கள் இன்னும் பாதியில் நின்றன. கணக்கு ஆசிரியர்கள் காலம்காலமாகச் செய்துவருவதை நானும் செய்தேன். பி.டி. பீரியட்டைக் கடன் வாங்கினேன்.

“எல்லாரும் உள்ள வாங்கடா, இன்னிக்குக் கணக்கு” என்றதும் பிள்ளைகள் முனகிக்கொண்டே நோட்டை எடுத்தார்கள். மூன்றாவது பெஞ்சுக்காரன் மட்டும் எடுக்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். வெளியே வரச் சொன்னேன். வரவில்லை. குரலை உயர்த்தினேன். கிட்டே போய்க் கையைப் பிடித்தேன். ஜாமெட்ரி பாக்ஸ் பறந்துவந்து கரும்பலகையில் மோதியது. முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி பயந்து அழுதாள். அவனை வெளியே நிற்கவைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அடிக்கவில்லையே என்று அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தப் பருவத்தில் இப்படி நான்கைந்து தடவை நடந்தது. கடைசியில் அவன் அம்மாவை வரச் சொன்னோம். நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்தவர், கைகூடக் கழுவாமல் வாசலிலேயே நின்றார். நான் குற்றப்பட்டியலை வாசித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “முன்னாடியே சொல்லிட்டா ஒண்ணும் பண்ண மாட்டான் சார். ஊருக்குப் போறதுன்னா நான் முந்தின நாளே சொல்லிருவேன். சொல்லாம கெளப்புனா அன்னிக்குப் பூரா ஓய மாட்டான்.”

அன்று மாலை என் பாடக்குறிப்பேட்டைப் புரட்டினேன். அவன் ‘சேட்டை’ செய்த நாள்களும் நான் பி.டி. பீரியட்டைக் கடன் வாங்கிய நாள்களும் ஒன்றாக இருந்தன. ஒரே ஒரு நாள் மட்டும் விலகி நின்றது. அன்று அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று காலையில் வகுப்பறையையே மாற்றியிருந்தோம்.

ஒரு பருவம் முழுக்க, அவன் என்ன செய்தான் என்று எழுதி வைத்திருந்தேன். அதற்கு முந்தைய நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்று ஒரு நாளும் எழுதவில்லை.

எல்லாம் பிந்தைய நிமிடத்துக்கு

பள்ளிக்கூடத்தில் எங்கள் கையில் இருக்கும் கருவிகளை எண்ணிப் பாருங்கள். முட்டி போடவைப்பது, இம்போசிஷன், வெளியே நிறுத்துவது, பெற்றோரை அழைத்துவரச் சொல்வது, மாற்றுச் சான்றிதழைக் காட்டி மிரட்டுவது. கொஞ்சம் நல்ல மனதுள்ளவர்களிடம் அறிவுரை இருக்கிறது. இவை அத்தனையும் நடந்து முடிந்ததற்குப் பிந்தைய நிமிடத்தில்தான் வேலை செய்கின்றன. ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா போன்ற நரம்பியல் வேறுபாடுகளோடு வரும் பிள்ளைக்கு அந்த நிமிடத்தில் யார் என்ன சொன்னாலும் ஏறாது. மூளை கொதித்துக்கொண்டிருக்கும்போது புத்திமதிக்கு அங்கே இடம் ஏது? அந்தப் பிள்ளைக்கு உதவக்கூடிய நேரம் அதற்கு முன்பே கடந்துபோயிருக்கும்.

எனவே இந்தக் கட்டுரையின் வாதம் சின்னது. வகுப்பறை நடத்தையைப் பற்றிய நம் கேள்வியை ஒரு நிமிடம் முன்னால் நகர்த்த வேண்டும். ஆசிரியர் அப்படி நகர்த்துவதற்கு வேண்டிய ஆளையும் அவகாசத்தையும் அரசு கொடுக்க வேண்டும்.

பெயரிலேயே தொடங்கும் பிழை

‘நியூரோடைவர்சிட்டி’ என்ற சொல் 1990-களின் இறுதியில் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கரின் எழுத்து வழியாகப் பரவியது. காட்டில் பல உயிர் இருப்பதைப் போல மனித மூளையிலும் பல வகை உண்டு, பெரும்பான்மையிலிருந்து விலகுவதெல்லாம் பழுது ஆகாது என்பது அதன் சாரம். தமிழில் ‘நரம்பியல் பன்மை’ என்று சொல்லத் தொடங்கியிருக்கிறோம். ஆனால் ஆசிரியர் ஓய்வறையின் அகராதியில் இந்தப் பிள்ளைகளுக்கு வேறு பெயர்கள்: வாலு, அடங்காப்பிடாரி, மக்கு, சோம்பேறி, திமிர் பிடித்தவன். ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு மாணவன் போவதற்கு முன்னரே அந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிடும். என்னிடம் அந்தப் பையன் வந்தபோதும், “இவன் சரிப்பட்டு வரமாட்டான் சார், பாத்துக்கங்க” என்ற ஒற்றை வரியோடுதான் வந்தான்.

அரசு ஆவணங்களின் மொழியும் இதைவிட மேலானது அன்று. ஆட்டிசம் உள்ளவர்களைக் குறிக்க ‘புறஉலகச் சிந்தனையற்றோர்’ என்ற தொடர் இங்கே நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. அந்தப் பையனோடு ஓராண்டு இருந்த எனக்கு இதைவிடத் தலைகீழான பெயர் இருக்க முடியாது என்று தோன்றுகிறது. அவனுக்குப் புறஉலகம் தேவைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. மின்விசிறியின் கிறீச் சத்தம், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு, பினாயில் வாடை, சட்டைக் காலரில் குத்தும் துணிச்சீட்டு, காலை வணக்கக் கூட்டத்தில் மைக் போடும் ஊளை. நாமெல்லாம் வடிகட்டி ஒதுக்கிவிடுகிற இவை அத்தனையும் வடிகட்டி இல்லாமல் ஒரே நேரத்தில் உள்ளே கொட்டினால் யார்தான் காதைப் பொத்திக்கொள்ள மாட்டார்கள்? அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே அவன் பற்றிக்கொண்டிருந்த ஒரே கைப்பிடி கால அட்டவணை. நான் கடன் வாங்கியது அந்தக் கைப்பிடியைத்தான்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். அடம் வேறு, உடைந்துபோவது வேறு. மிட்டாய் வேண்டும் என்று அடம்பிடிக்கும் குழந்தை ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும். கேட்டது கிடைத்ததும் அழுகை நின்றுவிடும். உடைந்துபோகும் பிள்ளைக்குப் பார்வையாளர் தேவையில்லை, கேட்டது கிடைத்தாலும் உடனே அடங்காது. முதலாவதற்குக் கண்டிப்பு ஓரளவு பொருந்தலாம். இரண்டாவதற்கு இருட்டும் அமைதியும் நேரமும்தான் மருந்து. அந்த நேரத்தில் ஆசிரியர் செய்யக்கூடிய நல்ல காரியம் குரலைத் தாழ்த்துவது, சொற்களைக் குறைப்பது, மற்ற பிள்ளைகளைத் தள்ளி உட்காரவைப்பது. கேள்வி கேட்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, கண். “நான் பேசும்போது என் கண்ணைப் பார்” என்று அவனிடம் எத்தனை முறை அதட்டியிருப்பேன்! அதே வாயால் வேறு பிள்ளைகளிடம், “பெரியவங்க முன்னாடி என்ன முறைச்சுப் பாக்குற?” என்றும் கேட்டிருக்கிறேன். மரியாதைக்கு நாமே இரண்டு இலக்கணம் வைத்திருக்கிறோம். முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சையும் கேட்பது ஆட்டிசம் உள்ள பலருக்கு இரட்டைச் சுமை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அவன் என் பாடத்தை முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது தேர்வுத்தாள் திருத்தும்போதுதான் தெரிந்தது.

கவனம் இல்லாதவர்களா?

ஏ.டி.எச்.டி.யைக் ‘கவனக் குறைவு’ என்று மொழிபெயர்க்கிறோம். அந்தப் பிள்ளைகளிடம் கவனம் குறைவாக இல்லை. தேவையான இடத்தில் அதை நிறுத்தி வைக்கும் பிடிதான் தளர்வாக இருக்கிறது. பிடித்த ஒன்றில் மணிக்கணக்காக மூழ்கும் அதே பையன், சலிப்பூட்டும் ஒன்றில் இரண்டு நிமிடம்கூட நிற்க முடியாமல் தவிப்பான். “பார், வேணும்னா உக்கார்றான், வேணும்னே பண்றான்” என்று நாம் தீர்ப்பு எழுதுவது இந்த இடத்தில்தான்.

நான் வகுப்பில் கொடுத்த ஒரு கட்டளையை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்: “புத்தகத்தை எடு, நாற்பத்திரண்டாம் பக்கம், மூன்றாவது கணக்கு, நோட்டில் தேதி போட்டு, மார்ஜின் விட்டு, விடையை அடிக்கோடிட்டு எழுது.” ஒரே மூச்சில் ஆறு வேலை. காதில் விழுந்ததைச் சிறிது நேரம் மனத்தில் ஏந்திக்கொண்டு செயல்படும் திறன் இந்தப் பிள்ளைகளுக்குச் சிறிய கிண்ணம் போன்றது. மூன்றாவது வேலை உள்ளே விழும்போது முதலாவது வழிந்துவிடும். புத்தகத்தை எடுத்தவன் அடுத்து என்ன என்று தெரியாமல் பக்கத்துப் பையனைக் கேட்பான். அதைத்தான் ‘வகுப்பில் பேச்சு’ என்று குறித்துக்கொண்டு எழுப்பி நிற்கவைப்போம். கரும்பலகையின் ஓரத்தில் 1, 2, 3 என்று எழுதிவிட்டிருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

அந்தப் பிள்ளையின் உடல் அசையத் துடிக்கிறது என்றால் அசைவுக்கு ஒரு வேலை கொடுத்துவிடலாம். நோட்டுகளை விநியோகிக்க, கரும்பலகை துடைக்க, தலைமையாசிரியர் அறைக்குச் சுற்றறிக்கை கொண்டுபோக. பழைய வாத்தியார்கள் இதை அறிந்திருந்தார்கள். துறுதுறுப்பான பையனைக் கூப்பிட்டு வகுப்புத் தலைவன் ஆக்கிவிடுவார்கள். வெறும் தந்திரம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு அறிவியல் இருந்திருக்கிறது.

ஓடுகிறவன் கண்ணில் படுகிறான். கண்ணில் படாமல் போகிறவள் ஒருத்தி உண்டு. ஏ.டி.எச்.டி.யில் துள்ளல் இல்லாமல் கனவில் மிதக்கும் வகையும் இருக்கிறது, பெண் பிள்ளைகளில் அது அதிகம் தவறவிடப்படுகிறது. யாருக்கும் தொந்தரவு தராத அவளை ‘அமைதியான பொண்ணு’ என்று பாராட்டிவிட்டு, பத்தாம் வகுப்பில் அவள் தோற்கும்போது ஆச்சரியப்படுகிறோம்.

கொம்புக்குள் சிக்கியவர்கள்

என் வகுப்பில் இன்னொரு மாணவி. வாயால் கேட்டால் சரக்கு விலை, கழிவு, வட்டி எல்லாம் நொடியில் சொல்வாள். அப்பாவின் காய்கறிக் கடையில் சில்லறை கொடுத்துப் பழகிய கை. தேர்வில் ஒற்றை இலக்கம்தான் வாங்குவாள். மதிப்பெண் பட்டியலில் ‘கணக்கு வராது’ என்று எழுதினேன். அவளுக்கு வராதது கணக்கு அன்று, கணக்கைச் சொல்லும் மூன்று வரி வாக்கியம்.

டிஸ்லெக்சியா என்றதும் ‘பி’யும் ‘டி’யும் இடம் மாறித் தெரிவது என்று பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தை வைத்துச் சொல்லப்பட்ட பாதிக் கதை அது. அடிப்படைச் சிக்கல் பெரும்பாலும் கண்ணில் இல்லை. ஒலியைத் துண்டுகளாகப் பிரித்து எழுத்தோடு பொருத்தும் இடத்தில் இருக்கிறது. தமிழில் அந்தப் பொருத்தம் எங்கெல்லாம் வழுக்கும் என்று பாருங்கள். ‘கொ’ என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் கொம்பு, பிறகு ‘க’, அதன் பிறகு துணைக்கால். நாக்கோ ‘க்’கை முதலில் சொல்ல வேண்டும். கண் போகும் வரிசையும் ஒலி வரும் வரிசையும் வேறு. ‘கௌ’வின் கடைசி உறுப்பு ‘ள’வைப் போலவே இருக்கிறது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ மூன்றிலும் ஒரே ‘க’, ஒலி மூன்று. இரண்டு சுழி, மூன்று சுழி, ல-ள-ழ, ர-ற என்று பேச்சில் பலருக்கு ஒன்றாகவே ஒலிப்பவை எழுத்தில் பிரிகின்றன. வீட்டில் ‘வந்துட்டிருக்கான்’ என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்ற நீண்ட தொடர்வண்டியைச் சந்திக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இவற்றை ஓரிரு ஆண்டுகளில் தாண்டிவிடுகிறார்கள். சிலருக்கு ஒவ்வொரு கொம்பும் ஒரு முள்வேலியாகவே நிற்கிறது. அதற்கு மேல் ஆங்கிலம் வேறு.

படிக்க முடியாத பிள்ளை என்ன செய்யும்? வாசிக்கும் முறை தன் பெஞ்சை நெருங்கும்போது தண்ணீர் குடிக்கக் கேட்கும். பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளும். ஏதாவது கோமாளித்தனம் செய்து வெளியே அனுப்பப்படும். ‘மக்கு’ என்று வகுப்பு சிரிப்பதைவிட ‘வாலு’ என்று சிரிப்பது அதற்குக் கௌரவம். முந்தைய நிமிடத்தைப் பார்க்காத ஆசிரியர், தப்பிக்க நினைத்த பிள்ளைக்குத் தப்பும் வழியையே தண்டனையாகக் கொடுத்துவிடுகிறார். மறுநாளும் அதே சேட்டை நடக்கும். ஏன் நடக்காது?

இவர்களுக்குப் பலனளிக்கும் கற்பித்தல், பல புலன்களை ஒன்றாகச் சேர்ப்பது. அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்ஹாமும் 1930-களில் இதை முறைப்படுத்தினார்கள்: எழுத்தைக் கண்ணால் பார், வாயால் சொல், விரலால் வரை. நம் திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொன்னார்கள். அதே திண்ணையில்தான் கோதண்டம் போடுவது போன்ற கொடிய தண்டனைகளும் இருந்தன. நாம் மணலை விட்டுவிட்டோம், பிரம்பை நெடுநாள் வைத்துக்கொண்டோம். சென்னையில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் இந்தத் துறையில் நிறைய அனுபவம் சேர்த்திருக்கின்றன. அந்த அனுபவம் ஒன்றியப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு வரை வந்து சேர வேண்டும்.

மூன்று பத்தி நோட்டு

அந்த அம்மா வந்துபோன பிறகு நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று பத்தி போட்டேன். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பிறகு அதற்கு என்ன கிடைத்தது. சிறப்புக் கல்வி படித்தவர்களுக்கு இது அரிச்சுவடி. எனக்கு இருபத்துச் சொச்சம் ஆண்டு வேலை பார்த்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு வாரம் எழுதினால் போதும், பெரும்பாலும் ஏதோ ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும். பசி நேரம், சத்தமான நேரம், எழுத்து வேலை, காத்திருக்கும் வரிசை, அறிவிப்பில்லாத மாற்றம் ஆகிய ஐந்துக்குள்ளேயே என் நோட்டில் இருந்தவை அநேகமாக அடங்கிவிட்டன.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிப்பது பிள்ளையை ‘மற்றவர்களைப் போல’ ஆக்குவதற்காக என்று ஆகிவிடக் கூடாது. கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, பென்சிலை உருட்டிக்கொண்டிருப்பது இவையெல்லாம் அந்த உடல் தன்னைச் சமன்படுத்திக்கொள்ளும் வழிகள். அவற்றை அடக்கப் பயிற்றுவித்தது தங்களுக்கு எவ்வளவு வலியாக இருந்தது என்று ஆட்டிசத்தோடு வளர்ந்த பலர் இன்று எழுதிவருகிறார்கள். யாருக்கும் தீங்கு தராததை விட்டுவிட வேண்டியதுதான். பிறரை அடிப்பதும் கடிப்பதும் வேறு. அதைத் தடுத்தே ஆக வேண்டும், ஆனால் தடுப்பு முந்தைய நிமிடத்தில் தொடங்க வேண்டும்.

2025-இல் கடைசி பெஞ்சை ஒழிப்போம் என்று ‘ப’ வடிவ இருக்கை பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் எதிரே இருபது முகம் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தால் கவனம் சிதறும் பிள்ளையும் இருக்கிறது, ஓரமாகச் சுவர் பக்கம் இருந்தால்தான் நிம்மதியாகக் கற்கும் பிள்ளையும் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே இருக்கை என்ற நினைப்பை விட்டால்தான் இருக்கை விவாதம் பொருள்படும்.

நாங்களெல்லாம் அடி வாங்கிப் படிக்கலையா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அடி வாங்கிப் படித்து மேலே வந்தவர்கள்தான் அந்தக் கதையை மேடையில் சொல்கிறார்கள். அதே அடியை வாங்கி ஐந்தாம் வகுப்போடு நின்று டீக்கடையிலும் பட்டறையிலும் சேர்ந்தவர்களிடம் யாரும் மைக் நீட்டுவதில்லை. பள்ளியில் உடல் தண்டனைக்கு இடம் தந்த விதியைத் தமிழ்நாடு 2003-இலேயே மாற்றிவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. ‘மக்கு’ என்பது அந்தச் சட்டத்துக்குள் வரும்.

“இதெல்லாம் செல்போன் கொண்டுவந்த வியாதி” என்பது இரண்டாவது குரல். நன்றாகப் பேசியும் படிக்கவே வராத ஒரு பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் எழுதியது 1896-இல். இன்று ஏ.டி.எச்.டி. என்று நாம் அழைப்பதற்கு நெருக்கமான பிள்ளைகளைப் பற்றி ஜார்ஜ் ஸ்டில் லண்டனில் சொற்பொழிவாற்றியது 1902-இல். ஆட்டிசத்தைப் பற்றி லியோ கானர் எழுதியது 1943-இல். அப்போது செல்போன் எங்கே இருந்தது? செல்போன் தூக்கத்தையும் பொறுமையையும் கெடுக்கிறது, உண்மை. இந்த வேறுபாடுகளை அது உண்டாக்கவில்லை. “வளர்ப்பு சரியில்லை” என்று தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் இப்படித்தான். தாயின் பாசக்குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேலைநாட்டு மருத்துவர்களே சொன்னார்கள், பின்னர் அது தவறென்று கைவிடப்பட்டது. நம் ஊர்த் திண்ணையில் மட்டும் இன்னும் கைவிடப்படவில்லை.

மூன்றாவது குரல் நியாயமானது: “ஒருவனைப் பார்த்தால் மற்ற பிள்ளைகள் என்ன ஆவது?” பள்ளி வாசலில் சக்கர நாற்காலிக்காகக் கட்டிய சாய்தளத்தைப் பாருங்கள். அதில் சத்துணவு அரிசி மூட்டை ஏறுகிறது, முட்டி வலிக்கும் ஆயாம்மா ஏறுகிறார், சைக்கிள் ஏறுகிறது. யாருக்கும் படியில் இடைஞ்சல் இல்லை. கரும்பலகையில் எழுதிய அன்றைய அட்டவணை, துண்டுதுண்டான கட்டளை, “இன்னும் ஐந்து நிமிடத்தில் முடிக்கப்போகிறோம்” என்ற முன்னறிவிப்பு, வாய்மொழியாக விடை சொல்லும் வாய்ப்பு இவையும் சாய்தளங்கள்தான். சிமென்ட் செலவுகூட இல்லை.

ஆசிரியர் தலையில் மட்டுமா?

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஆசிரியரை மட்டும் குற்றவாளியாக்கினால் அதுவும் பிந்தைய நிமிடத்து நீதிதான். ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அந்த 35 பேருக்கு நடுவே தேர்ச்சி விழுக்காடு, இணையப் பதிவேற்றம், கூட்டம், பயிற்சி. பி.எட். படிப்பில் உள்ளடக்கிய கல்விக்கென ஒரு தாள் வந்துவிட்டது. வரையறைகளை மனப்பாடம் செய்து எழுதித் தேறிவிடலாம். ஒரு பிள்ளை பெஞ்சுக்கு அடியில் போனால் முதல் மூன்று நிமிடம் என்ன செய்வது என்பதை அங்கே யாரும் செய்து பார்ப்பதில்லை.

சட்டம் முன்னே ஓடியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கி இரண்டையும் சேர்த்தது. கற்றல் குறைபாட்டை வெகுசீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்ற கற்பித்தலைத் தருவதைக் கல்வி நிறுவனத்தின் கடமையாக்கியது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கும் வழிசெய்தது. ஆனால் அந்த 21-இல் ஏ.டி.எச்.டி. தனி வகையாக இல்லை. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழோ எட்டு வயதுக்கு மேல்தான். பிள்ளை எழுத்தோடு மல்லுக்கட்டத் தொடங்குவது ஐந்தரை வயதில். இடைப்பட்ட ஆண்டுகளில் அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: ‘எனக்குப் படிப்பு வராது’.

சிறப்பாசிரியர் விஷயத்துக்கு வருவோம். தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் ஒரு தீர்ப்பில் முன்வைத்தது. நம் பள்ளிகளில் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் சுற்றுவட்டாரப் பள்ளிகள் பலவற்றுக்கும் முறைவைத்து வருகிறார். பலர் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காக இருப்பவர்கள், பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருப்பவர்கள். அவர் வரும் நாளில் என் மாணவன் நன்றாக இருப்பான், அவர் குறிப்பெழுதிவிட்டுப் போவார். பெஞ்சுக்கு அடியில் போவது அவர் வராத நாளில்.

செய்யக்கூடியவை

முதலாவது, சிறப்பாசிரியர்களை நிரந்தரமாக்கி, பள்ளியோடு அல்லது சில பள்ளிகள் கொண்ட சிறு தொகுப்போடு இணைக்க வேண்டும். பிள்ளையை மட்டும் தனியே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுப்பதோடு அவர் வேலை முடியக் கூடாது. வகுப்புக்குள் உட்கார்ந்து எங்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, வகுப்பறைச் சலுகைக்குச் சான்றிதழ் கேட்கக் கூடாது. பொதுத்தேர்வுக்கு ஆவணம் தேவை, சரி. மூன்றாம் வகுப்புப் பருவத் தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்டவும் பத்து நிமிடம் கூடுதலாகத் தரவும் மருத்துவர் கையெழுத்து எதற்கு?

மூன்றாவது, பள்ளிக்குள் ஓர் அமைதி மூலை. நூலக அலமாரிக்குப் பின்னால் ஒரு பாய் விரித்தால் போதும். ஒன்று மட்டும் முக்கியம், அது தண்டனை இடமாக மாறிவிடக் கூடாது. பிள்ளை தானே கேட்டுப் போய்த் தானே திரும்பும் இடமாக இருக்க வேண்டும்.

நான்காவது, உடற்கல்வி நேரத்தை யாரும் தொடக் கூடாது. அசைவு தேவைப்படும் பிள்ளையின் அசைவைப் பறித்துவிட்டு அவனை அமைதியாக உட்காரச் சொல்வது என்ன நியாயம் என்று, கடன் வாங்கியவன் என்ற தகுதியில் கேட்கிறேன்.

ஐந்தாவது, ஆண்டு இறுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்த ஆசிரியருக்கு ஒரு கைமாற்றுக் குறிப்பு. குறைப் பட்டியல் வேண்டாம். ‘இந்தப் பிள்ளைக்கு எது உதவியது’ என்ற ஒரு கேள்விக்கு மட்டும் விடை. அதை எழுதும்போது பெற்றோரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். நான் ஒரு பருவம் முழுக்கத் தேடியது அந்த அம்மாவிடம் ஏற்கெனவே இருந்தது. யாரும் அவரைக் கேட்டதில்லை. புகார் சொல்லத்தான் கூப்பிட்டோம்.

ஒரு வரி

அந்தப் பையன் மந்திரம் போட்டதுபோல் மாறிவிடவில்லை. மூன்றாம் பருவத்திலும் இரண்டு முறை பெஞ்சுக்கு அடியில் போனான். ஆனால் ஜாமெட்ரி பாக்ஸ் பறக்கவில்லை. நான் எதிரே தரையில் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தேன், அவனாகவே எழுந்து வந்தான்.

ஆண்டு முடிவில் ஏழாம் வகுப்பு ஆசிரியையிடம் அவனைப் பற்றி ஒரு துண்டுத்தாள் கொடுத்தேன். அதில் ஒரே வரி: ‘நேரத்தை மாற்றுவதானால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.’ அவர் அறிவியல் எடுப்பவர், பி.டி. பீரியட்டைக் கடன் வாங்குவதில் எனக்கு ஒரு படி மேல். ஆகஸ்டில் ஒரு நாள், டீ இடைவேளையில் அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

“முந்தின நாளே சொல்லணும்னு எழுதியிருந்தீங்கல்ல சார்? தினம் அதை யோசிச்சு வெக்கிறது பெரிய ரோதனையா இருந்துச்சு. அதனால பி.டி. பீரியட்ல கை வைக்கிறதையே விட்டுட்டேன்” என்றார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: “அவன் இருக்கட்டும். இப்ப வகுப்பே கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்குது.”